திராட்சையா, மாம்பழமா, மலைவாழையா, மங்குஸ்தானா: பழம் விளையும் நான்கு ஊர்களில் எதற்குப் போகலாம்?

பழங்கள் கொடியிலும் மரத்திலும் காய்த்துத் தொங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், இரண்டு நாள் தங்கும்படி ஒரு சிற்றூர் சொல்லுங்கள் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதத்தில் விடுப்பு எடுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். மலையோ கடலோ கோயிலோ பார்க்கப் போகிறவருக்கு ஊர் முதலில், நாள் பிறகு; பழம் பார்க்கப் போகிறவருக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. மாந்தோப்புக்கு ஆகஸ்டில் போனால் இலையைத்தான் பார்க்கலாம். மங்குஸ்தானைத் தேடி ஏப்ரலில் பர்லியார் போனால், கடைக்காரர் வேறு ஊரிலிருந்து வந்த ஆப்பிளை நீட்டுவார்.

தமிழ்நாட்டில் இந்த நோக்கத்தோடு போகத்தக்கவை என்று நான் கருதும் நான்கு இடங்களை இங்கே ஒப்பிடுகிறேன்: தேனி மாவட்டத்துக் கம்பம், அதே மாவட்டத்துப் பெரியகுளம், கொடைக்கானல் மலையின் கீழடுக்கில் இருக்கும் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும், நீலகிரியில் குன்னூரும் அதற்குக் கீழே மலைப்பாதையில் இருக்கும் பர்லியாரும். கிருஷ்ணகிரியை விட்டுவிட்டதற்குக் காரணம், அங்கே பரப்பளவில் ஓங்கி நிற்பது கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாம்பழம் என்பதும், பயணி காண்பது பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரக் கடைகள் என்பதும்தான். குற்றாலத்திலும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கிடைக்கும். ஆனால் அங்கே போகிறவர் அருவிக்காகப் போகிறார், பழம் வழியில் வாங்கும் பண்டம்.

கம்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாதக் கணக்கிலிருந்து இந்த நான்கில் மிக அதிகமாகத் தப்பித்துக்கொண்ட ஊர் அதுதான். இங்கே விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்று தோட்டக்கலை நூல்கள் குறிப்பிடும் இரகம். 1832ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது என்று இதன் வரலாற்றைச் சொல்வார்கள். 2023ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் அக்டோபரில் கொடியை வெட்டிக் கவாத்து செய்து, ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை ஒரே ஒரு பருவத்தில் பழம் வெட்டுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலோ கொடியை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. எந்த மாதத்தில் கவாத்து செய்தாலும் கொடி துளிர்த்துப் பூத்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை என்பது இங்குள்ள கணக்கு. ஒருவர் இந்த வாரம் கவாத்து செய்தால் பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த மாதம் செய்வார். எல்லாப் பழமும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போனால் விலை விழும் என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆக, நீங்கள் எப்போது போனாலும் ஒரு தோட்டத்தில் மொட்டைக் கொடியும், அடுத்ததில் கடுகளவு பிஞ்சும், அதற்கடுத்ததில் கருநீலக் கொத்தும் இருக்கும். பழத்தின் நான்கு மாத வாழ்வை அரைமணி நேர நடையில் பார்த்து முடித்துவிடக்கூடிய வேறோர் ஊரை நான் அறியேன்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாகச் சுருளி அருவிக்குப் போகும் சாலையிலும், கூடலூர்ப் பக்கமும், காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியும் இத்தோட்டங்கள் இருக்கின்றன. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பந்தல் போட்டிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் பந்தலுக்குள் பச்சை நிறத்தில் ஒரு குளிர்ச்சி இருக்கும், தலைக்கு மேல் கொத்துகள் தொங்கும். சாலையோரத் தோட்டக்காரர்கள் பலர் பயணிகளை உள்ளே விட்டு, படம் எடுத்துக்கொள்ள அனுமதித்து, வாசலிலேயே பழமும் சாறும் விற்கிறார்கள். தேக்கடிக்குப் போகும் வழியில் இருப்பதால் கேரளத்துப் பதிவெண் கொண்ட வண்டிகள் வார இறுதியில் வரிசையாக நிற்கும். இந்தக் கூட்டத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் முதல்முறை சுளித்தேன். ஆனால் பயணிக்குக் கதவு திறந்திருக்கிறதே, மற்ற ஊர்களில் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அதன் அருமை புரிந்தது.

பந்தலுக்குள் நிற்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பன்னீர் திராட்சை பூஞ்சாண நோய்களுக்கு எளிதில் ஆட்படும் கொடி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை உள்ளிட்ட மருந்துகளை அடிக்கடி தெளித்தே அதைக் காப்பாற்றுகிறார்கள், இலைகளில் படிந்திருக்கும் நீலத் திட்டுகள் அந்தத் துத்தத்தின் தடம். எனவே கொத்திலிருந்து நேரே வாயில் போட்டுக்கொள்ளும் ஆசையை அடக்கி, அண்மையில் மருந்து அடித்தார்களா என்று கேட்டு, கழுவித் தின்ன வேண்டும். அதேசமயம் பழத்தின் மேல் தெரியும் வெண்பொடி எல்லாமே மருந்து என்று மிரளவும் வேண்டாம், அதில் ஒரு பங்கு பழமே தன் தோலில் சுரந்துகொள்ளும் மெழுகு. விரலால் தேய்த்தால் கறுப்புத் தோல் பளபளக்கும். இன்னொன்று, ஆண்டு முழுவதும் பழம் உண்டு என்பதற்கு ஆண்டு முழுவதும் ஒரே சுவை என்று பொருள் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பழுக்கும் கொத்துகளில் பழம் வெடிக்கும், இனிப்பும் நீர்த்துப் போகும். வெயில் ஏறிய மாதங்களின் பழத்தில்தான் அந்தப் பன்னீர் வாசனை முழுமையாக இருக்கிறது. விதையில்லாப் பச்சைத் திராட்சைதான் பிடிக்கும் என்கிறவர்கள் சின்னமனூருக்கு அருகிலுள்ள ஓடைப்பட்டிக்குப் போக வேண்டும். அது கோடையை ஒட்டிய பருவத்துப் பயிர்.

கம்பத்தின் பலம் பழத்தோடு முடிவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கு இப்படிப் பச்சையாக இருப்பதற்குக் காரணமான தண்ணீரை அரைமணிப் பயணத்தில் போய்ப் பார்த்துவிடலாம். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை 1895இல் முடிந்த அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. லோயர்கேம்ப்பில் மலைமேலிருந்து இறங்கும் பெரிய குழாய்களும், மின் நிலையமும், அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபமும் இருக்கின்றன. ஜனவரி 15ஆம் நாள் அவர் பிறந்தநாள் என்பதால் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் போகிறவர்களுக்கு இது பழத்தைவிட நினைவில் நிற்கக்கூடும். பொதுவாக ஜூன் தொடக்கத்தில் அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களில் முதல் போகம் நடவாகும் அந்த நாட்களில், இருபுறமும் மலையும் நடுவே நாற்றும் பந்தலுமாக இருக்கும் காட்சிக்காகவே நான் ஜூலையைத் தேர்ந்தெடுப்பேன்.

பெரியகுளத்தைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்ல முடியவில்லை என்பதில் எனக்கே வருத்தம், ஏனென்றால் நான்கு ஊர்ப் பழங்களில் தனிப்பட்ட முறையில் எனக்குப் பிடித்தது மாம்பழம்தான். கொடைக்கானல் மலையின் தெற்கு அடிவாரத்தில், கும்பக்கரை அருவிக்குப் போகும் வழியெங்கும் தோப்புகள் இருக்கின்றன. காசாலட்டு, கல்லாமை, செந்தூரம், இமாம்பசந்த், மல்கோவா என்று ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிய ஒன்றன்பின் ஒன்றாக இரகங்கள் வரும். பழைய ஊர் என்ற பெருமையும் இதற்கு உண்டு. மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்குப் போன வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் வழியாக வந்து, மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் தங்கித்தான் டோலியிலும் குதிரையிலும் மலையேறினார்கள். மலைவாழ் நகரம் ஒன்றின் வாசலாக ஒரு தோப்பு இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி.

ஆனால் பயணியின் கண்ணோட்டத்தில் பார்த்தால் பெரியகுளத்தில் ஒரு பெரிய தடை இருக்கிறது. மாந்தோப்பை உரிமையாளர் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு விட்டுவிடுவது இங்கே வழக்கம்; பழம் இருக்கும் மாதங்களில் தோப்பு குத்தகைதாரருடையது, அவர் வைத்த காவல்காரர் அந்நியர் எவரையும் திருடனாகத்தான் முதலில் பார்ப்பார். ஒருமுறை வேலியோரம் நின்று படம் எடுத்ததற்கே, “என்ன தம்பி, எந்த ஊரு? இங்க என்ன வேலை?” என்று ஒரு பெரியவர் கோலோடு வந்து விசாரித்தார். விவரம் சொன்னதும் குடிசைக்குக் கூட்டிப்போய், வைக்கோலில் வைத்திருந்த இரண்டு பழங்களை அறுத்துக் கொடுத்தார் என்பது வேறு. எல்லாப் பயணிக்கும் அப்படி வாய்க்கும் என்று நம்பிக் குடும்பத்தோடு கிளம்ப முடியாது. உள்ளூரில் ஒருவரைத் தெரிந்திருந்தால் ஒழிய, பெரியகுளத்தில் பழத்தைச் சாலையோரக் கடையிலும் மண்டியிலும்தான் பார்ப்பீர்கள். மே மாதத்தில் கும்பக்கரையில் தண்ணீரும் குறைவாக இருக்கும். மழை பெய்து வெள்ளம் வந்துவிட்டாலோ குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தங்குவதற்கான ஊராக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மே மாதத்தில் அரைநாள் நிற்பதற்கான ஊராகக் கட்டாயம் பரிந்துரைப்பேன்.

பண்ணைக்காடு–தாண்டிக்குடி முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊத்து என்ற இடத்தில் வலப்பக்கம் பிரியும் சாலையைக் கவனிக்காமலேயே கடந்து போகிறார்கள்; அந்தச் சாலைதான் பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் போகிறது. சித்தரேவு, பெரும்பாறை வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு. கொடைக்கானல் ஏரிக்கரையின் நெரிசல் இங்கே இல்லை. காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு, பலா, உள்ளூரில் பட்டர் புரூட் என்று அழைக்கப்படும் அவகாடோ என்று, ஒரே துண்டு நிலத்தில் நான்கைந்து பயிர்கள் அடுக்கடுக்காக நிற்கும். சமவெளி வாழைத் தோட்டத்தின் வரிசை ஒழுங்கை எதிர்பார்த்து வருகிறவருக்கு இது காடு போலத்தான் தெரியும். எது பயிர், எது காடு என்று பிரித்தறியவே ஒரு பொழுது வேண்டும்.

இங்கே விளையும் விருப்பாச்சி வாழைதான் பழநி பஞ்சாமிர்தத்தின் உயிர். சதையில் ஈரம் குறைவாக இருப்பதால் அதில் செய்த பஞ்சாமிர்தம் எளிதில் கெடுவதில்லை. விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது, பஞ்சாமிர்தத்துக்கே 2019இல் கிடைத்தது. இந்த வாழை 1970களில் ஏறத்தாழ அழிந்தே போனது. முடிக்கொத்து நோய் என்ற நச்சுயிரி நோய் அசுவினிப் பூச்சி வழியாகப் பரவி, மலை மலையாகத் தோட்டங்களைக் காலி செய்தது. விவசாயிகள் காப்பிக்கு மாறினார்கள். நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்து வேளாண் பல்கலைக்கழகம் மீண்டும் தூக்கி நிறுத்தியதில் ஒரு பங்கு மட்டும்தான் மீண்டிருக்கிறது. ஆரஞ்சின் கதையும் இதைப் போன்றதுதான், அதற்கு வந்தது வேறு நோய். ஆகவே இங்கே பழம் பார்க்க வருகிறவர், ஓங்கி நின்று சரிந்து, பாதி எழுந்து நிற்கும் ஒரு விளைச்சலைப் பார்க்க வருகிறார். கம்பத்துப் பந்தலின் செழிப்பு இங்கே கண்ணில் படாது. தோட்டக்காரர் ஒருவரோடு நடந்தால், ‘இந்தச் சரிவு முழுக்க எங்கள் அப்பா காலத்தில் வாழை’ என்று கைகாட்டும் இடங்கள்தான் மிகுதியாக இருக்கும். என் வரையில் நான்கு ஊர்களிலும் அதிகம் கற்றுக்கொண்டது இந்த நடையில்தான்.

இங்கே பருவம் என்று கறாராக ஒன்றும் இல்லை. மலைவாழை பல்லாண்டுப் பயிராக நிற்பதால் எப்போது போனாலும் ஏதோ ஒரு மரத்தில் தார் இருக்கும். அவகாடோவுக்கு ஜூன், ஜூலை தொடங்கிச் சில மாதங்கள் நல்ல காலம். தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘டி.கே.டி. 1’ என்ற அவகாடோ இரகத்தின் பெயரில் இந்த ஊரின் முதலெழுத்துகள்தான் இருக்கின்றன. மார்ச்சில் ஒரு மழை பெய்து முடிந்ததும் காப்பி பூக்கும். மல்லிகைத் தோட்டத்துக்குள் கண்ணைக் கட்டி விட்டதுபோன்ற அந்த மணத்தைப் பழத்தோடு சேர்த்து எண்ண முடியாது என்றாலும், பயணத்தை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் பெரும் பேறு. தாண்டிக்குடியில் முருகன் கோயில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து பழநிக்குத் தாண்டிக் குதித்ததால் வந்த பெயர் என்பது ஊரார் நம்பிக்கை. அதைச் சுற்றிய மலைகளில் பெருங்கற்காலக் கற்திட்டைகளும் இருக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். தங்குமிடங்கள் குறைவு, இருப்பவையும் பெரும்பாலும் தோட்ட வீடுகள்தான். முன்கூட்டிச் சொல்லாமல் போனால் மதியச் சோறு கிடைப்பதே சந்தேகம். பேருந்து உண்டு, ஆனால் நேரம் தெரிந்து போக வேண்டும்; ஒன்றைத் தவறவிட்டால் அரைநாள் போய்விடும். பொழுது சாய்ந்த பிறகு காட்டுமாடும் யானையும் சாலைக்கு வரும் பகுதி என்பதால் இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். வளைவுகளில் தலைசுற்றி வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் இரண்டுமுறை யோசிக்கலாம். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வாகனத்தில் போகிறவர்கள் இணையத்தில் இ-பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். பண்ணைக்காடு வரைதான் போகப் போகிறோம் என்றாலும் அதைக் கையில் வைத்துக்கொள்வது வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

நீலகிரி பக்கம் வந்தால், நான்கில் பெயரும் வசதியும் மிக்கது குன்னூர். 1874இல் அமைந்த சிம்ஸ் பூங்காவில் மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கிறது. 1920இல் தொடங்கிய பழவியல் நிலையம் பூங்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன் என்று குளிர்நாட்டுப் பழ மரங்களை அங்கே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரை வந்த பற்சக்கர இரயில், 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. டிக்கெட் கிடைத்துவிட்டால் பயணத்தின் பாதி மகிழ்ச்சி அதிலேயே முடிந்துவிடும். ஆனால் உண்மையைச் சொன்னால் குன்னூர் தேயிலை ஊர். பிளம்ஸும் பேரியும் தேயிலைக்கு நடுவிலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் உதிரி மரங்கள். பழக் கண்காட்சியில் ஆயிரக்கணக்கான பழங்களால் கட்டிய உருவங்களைப் பார்க்கும் கூட்டத்தில், அவற்றில் எத்தனை நீலகிரியில் காய்த்தவை என்று கேட்டுப் பார்த்தவர் குறைவு. கண்காட்சி என்பதாக அது நன்றாகவே இருக்கிறது, பழம் விளையும் ஊரைப் பார்த்த நிறைவை அது தருவதில்லை.

அந்த நிறைவு கொஞ்சம் கிடைப்பது கீழே, பர்லியாரில். 1871இல் அரசுப் பண்ணையான இந்த இடம், மலையின் பாதி உயரத்தில், வெப்பமும் ஈரமும் கலந்த ஒரு மடிப்பில் இருப்பதால், மலேயாத் தீவுகளின் பழங்களான மங்குஸ்தானும் துரியனும் ரம்புட்டானும், கூடவே சாதிக்காய், கிராம்பு மரங்களும் இங்கே வேரூன்றின. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போனால் கடைகளில் கருஞ்சிவப்பு மங்குஸ்தான் குவிந்திருக்கும். வாங்கும்போது தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லைப்போல இறுகியிருந்தால் பழையது. பழத்தின் அடியில் பூவிதழ் போல் ஒட்டியிருக்கும் மடல்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லிவிடலாம். பிள்ளைகளை ஒரு மணி நேரம் கட்டிப்போட இந்த ஒரு வித்தை போதும். துரியன் தின்றால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கை பரவியிருப்பதால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருக்கும். மருத்துவச் சான்று ஏதுமில்லாத அந்த நம்பிக்கைக்குப் பணம் கொடுப்பதா என்பது வாங்குகிறவர் பாடு. பர்லியாரில் தங்க ஏற்பாடு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குரங்குகள் கையிலிருந்து பையைப் பறிக்கும். இன்னும் கீழே, 1900இல் தொடங்கிய கல்லாறு பண்ணை யானை வழித்தட வழக்கில் சிக்கியதால், அதை நம்பித் திட்டம் போடுவதற்கில்லை.

இனி நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். தோட்டத்துக்குள் கால் வைக்க முடிவது என்ற ஒற்றை அளவுகோலில் கம்பம் முதலிடம், பண்ணைக்காடு தெரிந்தவர் துணையோடு இரண்டாமிடம், பர்லியாரில் பண்ணை அரசுடையது என்பதால் அன்றைய அனுமதியைப் பொறுத்தது, பெரியகுளம் கடைசி. முதியவர்களை அழைத்துப் போவதென்றால் கம்பத்தில் தரை சமதளம், வண்டியிலிருந்து இறங்கிய பத்தாவது அடியில் பந்தல். தாண்டிக்குடியில் ஒவ்வொரு தோட்டமும் சரிவு, மழைக்காலத்தில் அட்டை வேறு. போய்ச் சேரும் வழியிலும் கம்பத்துக்கு இப்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது. மதுரை–தேனி அகல இரயில்பாதை 2022இல் திறக்கப்பட்டு, 2023இல் போடிநாயக்கனூர் வரை நீண்டதால், தேனியில் இறங்கி நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போனால் கம்பம். குன்னூருக்கு மேட்டுப்பாளையம் வரை நல்ல இரயில் இணைப்பு உண்டு, ஆனால் கோடை வார இறுதியில் அதற்கு மேலுள்ள மலைச்சாலையில் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்பதை எவரும் சொல்ல முடியாது.

செலவில் குன்னூர் மற்ற மூன்றுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது, மே மாதத்தில் சொல்லவே வேண்டாம். கம்பத்தில் தங்கும் விடுதிகள் வணிகர்களையும் தேக்கடிப் பயணிகளையும் நம்பி நடப்பவை. எளியவை, பெரும்பாலும் போதுமானவை. ஒருமுறை நான் தங்கிய விடுதியில் இரவு முழுவதும் சரக்கு வண்டிகளின் ஒலிப்பான் தூங்க விடவில்லை. அதன் பிறகு நெடுஞ்சாலையைப் பார்த்த அறை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற கணக்கில் வரிசை மாறிவிடுகிறது. பன்னீர் திராட்சை வெட்டிய மறுநாளே காம்பிலிருந்து உதிரத் தொடங்கும்; பத்துக் கிலோ பெட்டியை ஆசையாக வாங்கிச் சென்னை வரை கொண்டுபோனவர்களுக்குப் பாதி சாறாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். மாம்பழத்தைக் காயாக வாங்கி வைக்கோலில் பழுக்க வைக்கலாம். மங்குஸ்தான் சில நாள் தாங்கும். எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்குவது மலைவாழை. தோல் கறுத்து, வாடியதுபோல் ஆன பிறகுதான் அதன் இனிப்பு உச்சத்துக்கு வரும். தோல் கறுத்துவிட்டதே என்று தூக்கி எறிந்த வீடுகள் எனக்குத் தெரியும், அவர்கள் இழந்தது அந்தப் பழத்தின் சிறந்த நாளை.

ஆக, பள்ளிப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் குறிப்பிட்ட தேதியில் மட்டுமே போக முடிகிற குடும்பத்துக்கு என் விடை கம்பம், தயக்கமே இல்லை. பழத்தை ஒட்டிய மண்ணையும் மனிதரையும் அறிய விரும்புகிற, அவசரமில்லாத இருவருக்கு, அல்லது தனியாகப் போகிறவருக்குத் தாண்டிக்குடி. குன்னூர் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால், ஜூலை மாதமாகப் பார்த்து, இறங்கும் வழியில் பர்லியாரில் ஒரு மணி நேரம்; பழத்துக்காக மட்டும் அவ்வளவு தூரம் வேண்டாம்.

மூன்று நாள் கிடைக்கிறதென்றால், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் தேவையே எழாது, ஏனென்றால் நீலகிரியைத் தவிர மற்ற மூன்றும் ஒரே பாதையில் கோத்ததுபோல் இருக்கின்றன. மே மாதத்தின் பிற்பாதியில் தேனி வந்து இறங்கி, முதல் நாள் கம்பம்: காலையில் வெயில் ஏறுவதற்கு முன் சுருளிப்பட்டிப் பந்தல்கள், பிற்பகலில் லோயர்கேம்ப். மறுநாள் காலை திரும்பிப் பெரியகுளம். மண்டி சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் மாம்பழம் பார்த்து, தேவதானப்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய், மதிய உணவை அங்கேயே முடித்துக்கொண்டு மலையேறினால், மாலை நான்கு மணிக்குள் பண்ணைக்காட்டில் இருக்கலாம். மூன்றாம் நாள் தாண்டிக்குடித் தோட்டங்களில் நடந்துவிட்டு, பெரும்பாறை வழியாக இறங்கலாம். கம்பத்தில் திராட்சையை அங்கேயே தின்னும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள், மாம்பழத்தைக் காயாக வாங்கி வண்டியின் நிழலான மூலையில் வையுங்கள். மலைவாழையை மட்டும் கடைசி நாளில், பச்சை மாறாத சீப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பி, மாம்பழம் தீர்ந்துபோன பிறகு அது பழுக்கத் தொடங்கும்.